சிவப்புத் தண்ணீர்

மார்ச் 14, வியாழன்.

மாலை வகுப்பு முடிந்ததும் பயிற்சிப் பெட்டியின் விளக்கை அணைக்காமல் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போனேன். போயிருக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் வேறொன்றை எழுதியிருப்பேன்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தபடியே ஆபரேஷன் செய்யும் முறையை நானும் அக்காவும் பழகுகிறோம்; அக்கா என்றால் என்னோடு வேலை பார்க்கும் மூத்த டாக்டர். பகலில் இருவருக்கும் வார்டு வேலை. மாலையில் ஆஸ்பத்திரியின் பழைய துணி அறை. ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான் எங்களுக்கு வயிறு. ஒருவர் தையல் போட, மற்றவர் கேமராவைப் பிடிப்போம். சொல்லித்தரும் டாக்டர் வேறு ஊரிலிருந்து திரையில் வரும் படத்தை மட்டும் பார்ப்பார். நாளை முடிச்சுப் பரீட்சை. தேறியவருக்கே முதல் பித்தப்பை ஆபரேஷன்.

ஒரு வாரமாக என் முடிச்சுகள் நழுவின. அக்கா முறை வரும்போது நான் கேமராவை ஆடாமல் பிடிக்கிறேன். அவர் முடிச்சு கல் மாதிரி நிற்கிறது. என் முறையில் மட்டும் படம் சாய்கிறது.

“தம்பி, படம் நேரா இருக்கா?”

“சாயுதுக்கா.”

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம்... ம், இப்ப சரி.”

இப்படிக் கேட்டுக் கேட்டே என் கவனத்தைக் கலைக்கிறாரோ என்று தோன்றியது. தோன்றியது மனதில் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார், பேசாமலிருந்தால் என்ன திட்டம் போடுகிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்க இன்று ஒரு வேலை செய்தேன். சின்னக் கண்ணாடிப் புட்டியில் சிவப்பு மை கலந்த தண்ணீரைப் பாதி ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். படம் நேராக இருந்தால் தண்ணீர் மட்டமும் நேராகத் தெரியும்.

“என்ன தம்பி, உள்ள ஜூஸ் கடை போட்டிருக்க?”

“வெளிச்சம் பார்க்கக்கா.”

“பொய் சொன்னா உனக்குக் காது சிவக்குது, தெரியுமா?”

என் முறை வந்தது. திரையில் தண்ணீர் நன்றாகவே சரிந்திருந்தது. வகுப்பு முடிந்ததும், அக்கா வேண்டுமென்றே சாய்க்கிறார் என்று எழுதி அந்தப் படத்தை டாக்டருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘நாளை அவர் கேமரா தொட வேண்டாம். இப்படிப்பட்டவரை நோயாளி அருகில் விடலாமா என்றும் யோசிக்கிறேன்.’ எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் விளக்கை மறந்தேன்.

திரும்பி வந்தபோது அறையில் யாருமில்லை. இடைஞ்சல் இல்லாமல் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்ப்போமே என்று கேமராவை ஒரு கம்பியில் டேப் சுற்றி நிறுத்தினேன். திரையில் தண்ணீர் மட்டமாக இருந்தது. ஊசியைப் பிடித்து இடது கையால் நூலை இழுத்தேன். படம் சாய்வது போலிருந்தது. பிடிக்க ஆளே இல்லை, எப்படிச் சாயும்? யோசித்து முடிக்குமுன் என் கையே போய்க் கேமராவைத் திருப்பியது. இப்போது கண்ணுக்குச் சரி. தண்ணீரைப் பார்த்தேன். சரிந்திருந்தது, நான் அனுப்பிய படத்தில் இருந்த அதே பக்கம்.

ஜன்னல் கண்ணாடியில் என் உருவம் தெரிந்தது. தலை இடது தோளில் படுத்துக் கிடந்தது.

கழுத்தை நிமிர்த்தி, கேமராவை நேராக்கி மறுபடி போட்டேன். இரண்டு நழுவின. ஒன்று நின்றது.

படம் சாய்வது அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் நான் சொன்னபடி திருப்பினாரா? இதை எழுதும்போதும் அந்தச் சந்தேகம் போகவில்லை. ஆனால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொன்ன வாய் என்னுடையது.

நாளை: வகுப்புக்கு முன் டாக்டரைக் கூப்பிட்டு, படம் சாய்ந்தது என்னால் என்று சொல்ல வேண்டும். பிறகு அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டி, நான் அனுப்பியதைச் சொல்ல வேண்டும். அவர் பரீட்சைக்கு நான் கேமரா பிடிக்க வேண்டும். புட்டியைக் கழுவி வைக்க வேண்டும்.