பதினேழாவது பலூன் நின்ற இடம்

லிஃப்ட் மெக்கானிக் பறக்கவிட்ட பதினேழாவது பலூன் உலகத்தை இரண்டு தடவை முழுசாகச் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, அவருடைய தங்கை வீட்டு மொட்டைமாடிக்கு நேர் மேலே வந்து நின்றது. பன்னிரண்டாயிரத்து நானூறு மீட்டர் உயரம். அந்த உயரத்தில் அன்றைக்குக் காற்று மணிக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பலூன் அசையவில்லை. பதினாறு நாள் அப்படியே நின்றது. அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தி அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

பலூன் என்றவுடன் ஆள் தொங்கிக்கொண்டு போகும் பெரிய சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விரித்துப் போட்டால் ஒரு தலையணை உறை அளவுதான் இருக்கும். வெள்ளித்தாளை இரண்டாக மடித்து, ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, வாயு அடைப்பார்கள். அதன் அடியில் பதின்மூன்று கிராம் எடையில் ஒரு ரேடியோ, தபால்தலை அளவில் இரண்டு சூரியத் தகடு, தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. வெயில் இருக்கும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று முனகும். பொழுது சாய்ந்தால் ஊமை. உலகத்தில் யார் வீட்டு ரேடியோவில் அந்த முனகல் விழுந்தாலும் அவர்கள் இணையத்தில் ஒரு பொதுப் பட்டியலில் 'கேட்டேன்' என்று எழுதிவிட வேண்டும். முன்பின் தெரியாதவனுடைய பலூனாக இருந்தாலும் சரி, ஜென்ம விரோதியின் பலூனாக இருந்தாலும் சரி, கேட்டவன் எழுதியாக வேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இருக்கும் ஒரே ஒழுக்கம் இதுதான். மற்றபடி வீட்டுக்கு ஒரு வேலை செய்ய மாட்டார்கள்.

ஒரு ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இவர்களுடைய சங்கம் கூடும். சாவி லிஃப்ட் மெக்கானிக்கிடம் இருந்ததால் அவர்தான் செயலாளர். பல் டாக்டர் தலைவர், ஏனென்றால் அவரிடம்தான் நுணுக்கமான வேலைக்கு ஏற்ற கருவிகளும் நடுங்காத கையும் இருந்தன. மெக்கானிக்கின் தங்கைக்குப் பதவி எதுவும் கிடையாது. ஆனால் சங்கத்தின் காது அவள்தான். கொட்டும் இரைச்சலுக்கு நடுவே யாரோ எங்கிருந்தோ தந்திக் கட்டையில் தட்டும் ஒற்றைப் புள்ளிச் சத்தத்தைப் பிடித்து, "இது அந்த ஆளு, இன்னைக்கு அவருக்குக் கை வலிக்குது போல" என்று சொல்லிவிடுவாள். சங்கத்தில் ஒரு தடித்த பதிவேடு உண்டு. கேட்டதைக் கேட்டவர் பென்சிலில் எழுத வேண்டும். இன்னொருவரும் கேட்டு உறுதி செய்தால், அடுத்த ஞாயிறு செயலாளர் அதன்மேல் மையால் எழுதுவார்.

முதல் பலூனை அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்தார்கள். இஸ்திரி போடும்போது தங்கைக்குக் கை நழுவி ஒரு பக்க ஓரம் சுருங்கிவிட்டது. வாயு அடைத்ததும் பலூன் வாயைக் கோணிக்கொண்டு இளித்தது. அதற்குக் கோணவாயன் என்று பெயர் வைத்தார்கள். மூன்று நாள் முனகிவிட்டுக் கடலுக்கு மேலே அது அடங்கிப்போனது. முதல் பலூனுக்கு மூன்று நாளே ஜாஸ்தி என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். நாற்பதாவது நாள் தங்கை பதிவேட்டில் பென்சிலால் எழுதினாள்: கோணவாயன், காலை 11.40, உயரம் 9,200. அதை வேறு யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். வெறும் இரைச்சல்தான். தங்கச்சி என்பதற்காகச் சலுகை காட்டினார் என்று யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்ற வீராப்பு அவருக்கு. சங்கமே பார்த்துக்கொண்டிருக்க ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்தார். "நீ கேட்டது இரைச்சல்மா" என்றார். அவள் மேஜைமேல் விழுந்த ரப்பர் துகளைக் கையால் கூட்டி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போனாள். லிஃப்டைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம் ஆகி, ரயிலில் ஏழு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊருக்குப் போனாள். அங்கே ஒரு காது மருத்துவரிடம், வருகிறவர்களுக்குக் கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார், ஓடியாடி வேலை செய்தார், சாப்பிட்டார். அவரிடம் மட்டும் அவள் பேசவில்லை.

பதினேழாவது பலூன் நின்ற விஷயத்தை முதலில் யாரும் நம்பவில்லை. கருவி கெட்டுவிட்டது என்றார் பல் டாக்டர். ஆனால் கருவி உயரத்தைச் சரியாகச் சொன்னது. அந்த உயரம் நாளுக்கு முந்நூறு மீட்டர் வீதம் குறைந்துகொண்டிருந்தது. இடம் மட்டும் மாறவில்லை. பூமியின் நாலா பக்கத்திலிருந்தும் 'கேட்டேன்', 'கேட்டேன்' என்று பட்டியலில் ஆட்கள் எழுதிக் குவித்தார்கள். பலூனுக்கு நேர் கீழே இருந்த ஊரிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு நடுவே, இரண்டு மாடிகளுக்கு இடையில் லிஃப்டை நிறுத்திவிட்டு, கைபேசியில் அந்தப் பட்டியலையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டினார்கள். தங்கை ரேடியோவைத் தூக்கிப் போட்டிருப்பாளோ, இல்லை, கேட்டும் எழுதாமல் இருக்கிறாளோ? இரண்டில் எது மோசம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஒரு வரி எழுதினால் போதும், மறுபடி பேசியதுபோல் ஆகிவிடும் என்று மட்டும் தெரிந்தது.

பத்தாம் நாள் தங்கையின் புருஷன் போன் செய்தார். அவர் பேருந்து நடத்துனர், சாது. மொட்டைமாடியில் தட்டு அளவுக்கு ஒரு நிழல் விழுகிறது, சூரியன் எங்கே போனாலும் அந்த நிழல் இடம் மாற மாட்டேன் என்கிறது, அந்த இடத்தில் போட்ட துணி காய்வதில்லை என்றார். தெருமுனைக் கடைத் தராசு எதை வைத்தாலும் ஆறு கிராம் குறைவாகக் காட்டுகிறதாம். கடைக்காரர் மூன்று தடவை எடைக்கல்லை மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது பேசாமல் ஆறு கிராம் கூடப் போட்டுக் கொடுக்கிறாராம். "உங்களுக்கு இதப் பத்தி ஏதாவது தெரியுமா மச்சான்?" என்று கேட்டார். ஆறு கிராம் என்பது, பலூனைப் பறக்கவிடும் அன்று காலையில் காகித ஊக்குகளைத் தொங்கவிட்டுப் பார்த்து, மெக்கானிக் தன் கையால் அளந்து வைத்த மேலிழுப்பு, பலூன் மேலே தூக்கும் பலம். "தெரியும் மாப்பிள்ள" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்.

ஏழாயிரத்துக்குக் கீழே இறங்கினால் மேகத்தின் பனி ஒட்டி பலூன் செத்துவிடும். பதினைந்தாம் நாள் அது எட்டாயிரத்தை நெருங்கியது. அன்றைக்கும் அவர் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட, அவருடைய மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்தன வருஷமா லிஃப்ட் பாக்குறீங்க, இது தெரியலையா? ஆள் ஏறணும்னு கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்குது. நீங்க ஏறாம அது எப்படி நகரும்?"

மறுநாள் காலை ரயிலில் கிளம்பினார். பையில் ஒரு மாற்றுச் சட்டை, மைப்பேனா, பழைய பதிவேடு.

தங்கை மருத்துவமனையில் இருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவதுபோல உள்ளே கையைக் காட்டினாள். பஞ்சு பதித்த சின்ன அறை. ஸ்டூலில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். சாதாரணமாக எல்லோரிடமும் அதை வாயால் சொல்வாள். அவருக்குச் சைகையில் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் குமிழைத் திருகுவது தெரிந்தது. அவர் காத்திருந்தார். அவள் மறுபடி திருகினாள். எதுவும் கேட்கவில்லை. கட்டைவிரல் பொத்தான்மேல் வேர்த்துப் போய்க் கிடந்தது. கடைசியில் இரண்டு மூன்று முறை அழுத்தினார், அதுவும் ஒரு குத்துமதிப்பில். அவள் ஒரு தாளை நீட்டினாள். இரண்டு காதுக்கும் போட்ட கோடு சரிவில் உருண்டதுபோலக் கீழே இறங்கியிருந்தது. மோட்டார் அறையில் முப்பது வருஷம் உட்கார்ந்ததற்கான பலன். மெல்லிய சத்தம் எதுவும் அவர் காதில் விழுந்து இருபது வருஷமாவது இருக்கும் என்று அந்தத் தாள் சொன்னது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோணவாயன் அவர் காதுக்குள்ளேயே வந்து கத்தியிருந்தாலும் அவருக்கு அது இரைச்சல்தான்.

"செவிட்டுக் காத வச்சுக்கிட்டா அழிச்சேன்?" என்றார் அவர்.

தங்கை பையை மாட்டிக்கொண்டு நடந்தாள், அவர் பின்னால் போனார். பொழுது சாய இரண்டு மணி நேரம்கூட இல்லை. வீட்டில் ரேடியோ சமையலறை அலமாரியில், டப்பாக்களுக்கு நடுவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டை முடிச்சு. மாப்பிள்ளை குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்காமலே விஷயத்தைச் சொன்னார். "வருஷத்துக்கு ஏழெட்டு தடவ இருக்கும் மச்சான். நல்லா பேசிக்கிட்டே இருப்பா, டக்குனு நிறுத்தி, 'போகுது'ம்பா. நான் ரொம்ப நாளா பஸ்ஸச் சொல்றான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

தங்கை ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"ரெண்டும் சேந்துதான் நிக்குது. உன்னோடது நல்லா கேக்குது. அது பக்கத்துலயே கோணவாயனும் இருக்கான். நீ கேட்டுப் பாக்கறியா?"

அவர் கைநீட்டவில்லை. கேட்டுப் பார்த்தால் இரைச்சல்தான் வரும் என்று இப்போது அவருக்குத் தெரியும். பதிவேட்டைப் பிரித்தார். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து, வெளிச்சம் புகும் அளவுக்கு மெலிந்திருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எனக்குக் கேக்காதும்மா. நீ சொல்லு, நான் எழுதறேன்."

"இன்னொருத்தர் கேக்காம மையில எழுதக் கூடாதே. சங்கத்துச் சட்டம்."

"சட்டம் கெடக்கு. சொல்லு."

அவள் சொன்னாள். பழைய வரியை முதலில் சொன்னாள், நாளும் நேரமும் உயரமும் ஒன்றுகூட மறக்காமல். அதன்பின் இடைப்பட்ட வருஷங்களில் கோணவாயன் தலைக்கு மேலே போன எண்பத்தோரு தடவையையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கேயும் எழுதி வைக்காததால் எல்லாமே அவள் மனதில் இருந்தன. அவர் விரல் மரத்துப்போக எழுதினார். தேய்ந்த தாளில் மை ஊறிப் பரவியது, பொருட்படுத்தவில்லை. கடைசி வரியாக அன்றைய தேதியைப் போட்டு, கேட்டவர் என்ற இடத்தில் அவள் பெயரையும், சாட்சி என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினார். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதார். அவளும்தான். மாப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காயாத துணியை எடுத்து வருகிறேன் என்று மாடிக்கு நழுவினார். போன வேகத்தில் கூப்பாடு போட்டார்.

மாடியில் அந்தத் தட்டு நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் விழுந்திருந்தது. பதிவேட்டில் அழிக்கப்பட்டிருந்த காலமெல்லாம் அதற்கு நிழல் இருக்கவில்லை, எழுதியதும் வந்துவிட்டது, அவ்வளவுதான். வெளுத்துப்போன நிழல், ஒரு பக்கம் ஓரம் சுருங்கி, வாயைக் கோணிக்கொண்டு இளித்தது. மெக்கானிக் தரையில் குந்தி, இரண்டு நிழலுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தார். கை தானாக மேலே எழும்பியது. எடை தூக்கும் இயந்திரங்களோடு வாழ்ந்தவர் அவர். இவ்வளவு சன்னமான தூக்கலை அவர் ஒருநாளும் உணர்ந்ததில்லை. பிறகு இரண்டு நிழலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டி, எதிர்வீட்டுக் கூரை ஏறி, கிழக்கே போயின. பல் டாக்டர் போனில் கத்தினார், நகர்ந்துவிட்டது, உயரமும் ஏறுகிறது என்று. மெக்கானிக் தெரியும் என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் பொதுப் பட்டியலில் அந்த ஊரிலிருந்து முதல் வரி வந்தது.

கடைத் தராசு மறுநாள் சரியாகிவிட்டது. கடைக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் ஆறு கிராம் கூடப் போடுகிறார். இரண்டு பலூன்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை போகும் நாட்களில் அந்தத் தெருவில் யாரும் மாடியில் துணி போடுவதில்லை, போட்டால் காயாது. வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை, லிஃப்ட் மெக்கானிக் இரண்டு மாடிகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருக்கும்போது கைபேசி அடிக்கும்.

"போகுது" என்பாள் தங்கை.

"எழுதிக்கிட்டேன்மா" என்பார் அவர்.