ரத்தத்துக்கு இரண்டு அரிசி முன்னால்

உத்தமபாளையத்தில் நத்தர்ஷா வீட்டில் 1964 ஐப்பசியிலிருந்து யாருக்கும் நகம் வளரவில்லை. எட்டுப் பேருக்குமாகச் சேர்த்து ஒரு கிளிக்கு வளர்ந்தது. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கம்பியில் இறக்கை மாட்டித் தொங்கிய கிளியை நத்தர்ஷாவின் தம்பி உமர் பாருக் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கிளிக்குக் காலுக்கு நான்காக எட்டு விரல். வீட்டில் நத்தர்ஷா, அவர் மனைவி அம்சத் பீவி, மூன்று பையன்கள், கிழத் தகப்பனார், உமர் பாருக், அவனுக்கு வாழ்க்கைப்பட்டு அப்போதுதான் வந்திருந்த சாபிரா என்று எட்டுப் பேர். கணக்கு சரியாக இருந்ததால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. கிளிக்குத் தனியாகப் பேரும் வைக்கவில்லை. வீட்டில் யார் பேரைச் சொன்னாலும் அதன் விரல்களில் ஒன்று அசைந்தது, அதுவே போதுமென்று விட்டுவிட்டார்கள்.

நகம் வெட்டும் வேலை புது மருமகள் என்பதால் சாபிரா தலையில் விழுந்தது. முதல் தடவை துணி வெட்டும் கத்தரியால் வெட்டினாள். ரத்தம் வந்தது. அதே நேரம் கடைவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமனார் கிளாஸைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். எந்த விரல் யாருடையது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. மறுநாள் சாபிரா கிளியை மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ராக்கையாவிடம் கொண்டுபோனாள்.

"ஆத்தா, நான் காளைக்குக் குளம்பு சீவுறவன். இது என் சுண்டுவெரல் தண்டிகூட இல்லையே" என்றார் ராக்கையா. இருந்தாலும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்று இரண்டு பேருமாகக் கண்டுபிடித்த முறை பின்னால் பதினைந்து வருஷம் மாறவில்லை. கிளியைப் பழைய துண்டில் சுற்ற வேண்டும். கழுத்தை இரண்டு விரலுக்குள் தளர்வாகப் பிடிக்கலாம், நெஞ்சை அமுக்கக் கூடாது, அமுக்கினால் மூச்சு நின்றுவிடும். நகத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே சிவப்பாக ஒரு நரம்பு தெரியும். அதற்கு இரண்டு அரிசி முன்னாலேயே நகவெட்டியை நிறுத்திவிட வேண்டும். மீறி ரத்தம் வந்தால் மஞ்சளும் மாவும் கலந்து வைத்து, பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்து, கூண்டைத் துணியால் மூடி இருட்டில் விட வேண்டும். "எண்ணெ கிண்ணெ தடவிராதே, றெக்க ஒட்டிக்கிரும்" என்றார் ராக்கையா.

வெள்ளிக்கிழமை தோறும் வெட்டினாள். வெட்டிய நகத்தைக் கொல்லையில் மாதுளைச் செடியடியில் புதைத்தாள். பக்கத்து வீட்டு அய்யம்மாளுக்கு இது பொறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்டுறியே சாபிரா, வீடு வெளங்குமா?"

"எங்களுக்கு வெள்ளிக்கிழமதான்க்கா வெட்டணும்."

"கிளி உங்காளா, எங்காளா? அதக் கேட்டியா மொதல்ல?"

கிளியைக் கேட்டார்கள். அது பாட்டுக்கு மிளகாயைக் கொறித்தது.

1966-ல் மாமனார் இறந்தார். அன்றைக்கே கிளியின் வலது பின்விரல் ஒன்றில் நகம் நின்றுபோய்ச் சுள்ளி மாதிரி காய்ந்தது. அடுத்த வருஷம் உமர் பாருக் ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்ட மலைக்கு மேலே போனான். இரண்டு கடிதம் வந்தது. 1968 ஆடி மழையில் மேலே மண் சரிந்து, குடியிருப்பு வரிசை ஒன்று ஆட்களோடு உள்ளே போனது. நத்தர்ஷா போய்த் தேடிவிட்டு ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து, தம்பி மண்ணுக்குள்ளே என்று அழுதார். அழுகை நிஜம்தான். தம்பியின் பாதித் தோட்டம் இனிமேல் தன்னுடையது, சாபிராவை டிரங்குப் பெட்டியோடு கம்பத்துக்கு அவள் ஆத்தா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஏழாம் நாள் சொன்னதும் நிஜம்தான்.

சாபிரா கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்தாள். "அவுக வெரல் வளருது" என்றாள்.

தெருப் பெரியவர்கள் நாலு பேர் பள்ளிக்கூட ஸ்கேலோடு வந்து உட்கார்ந்து அளந்தார்கள். இடது முன்விரல் போன வாரத்துக்கு இந்த வாரம் வளர்ந்திருந்தது. "உமர் பாருக்" என்று கூப்பிட்டால் அசையவும் அசைந்தது. மாமனார் விரல் நின்றது, அவர் போனார். இது நிற்கவில்லை, ஆகவே இவன் போகவில்லை. நகம் வளர்கிற வரைக்கும் ஆள் உயிரோடு என்று தீர்ப்புச் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நத்தர்ஷா அதற்குப் பிறகு கிளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

பத்து வருஷம் போனது. பெரியவர்களில் இரண்டு பேர் செத்து வேறு இரண்டு பேர் வந்தார்கள். முல்லையாற்றில் இரண்டு முறை பாலம் மூழ்கியது. ஏறக்குறைய ஐந்நூறு வெள்ளிக்கிழமை சாபிரா அந்த விரலை மற்ற விரல்களைவிட மெதுவாக வெட்டினாள், அவனுக்கு வலிக்கக் கூடாது என்று. முதல் வருஷங்களில் அந்த நகம் வளர்ந்திருப்பதைப் பார்த்தால் சந்தோஷமாக இருந்தது. பிறகு நிம்மதியாக இருந்தது. ஒன்பதாம் வருஷம் பருப்புக் கழுவும்போது, ஆள் உயிரோடு இருக்கிறான் என்றால் எழுதாமல் இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று தோன்றியது. கழுவின பருப்பையே மூன்று தடவை கழுவினாள்.

1978 தையில் ஒரு வெள்ளிக்கிழமை, துண்டில் சுற்றி, அவன் விரலை வெயிலில் பிடித்து, சிவப்பைப் பார்த்து, அதற்கு ஒரு அரிசி உள்ளே தள்ளி நறுக்கினாள். கிளி கத்தியது. மஞ்சளும் மாவும் வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தாள். அடுத்த வெள்ளியும் அதையே செய்தாள். மூன்றாம் வெள்ளிக்குள் இன்லேண்ட் லெட்டர் வந்துவிட்டது.

"அன்புள்ள சாபிராவுக்கு உமர் பாருக் ஸலாமுடன் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். வெள்ளி தோறும் நீ நகம் வெட்டுவது என் மோதிர விரலில் தெரியும். பதனமாய் வெட்டுவாய். அதை வைத்து வீட்டில் எல்லோரும் சுகம் என்று தெரிந்துகொள்வேன். அதனால் தனியாகக் கடிதம் எழுதத் தேவைப்படவில்லை. போன இரண்டு வாரமாக ரத்தம் வருகிறது. உனக்குக் கண் பார்வை மட்டமா? இங்கன பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகின்றன."

கடைசி வரியை சாபிரா திரும்பவும் படித்தாள். லெட்டரை மடித்து அரிசிப் பானைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்த ஒரு விரலை மட்டும் தொடவில்லை.

நகம் வளைந்தது, கொக்கியானது, புரட்டாசியில் திரும்பிவந்து கிளியின் உள்ளங்காலிலேயே குத்தி ஏறியது. குமுளியிலிருந்து இறங்கிய ஒரு லாரிக்காரன், மேலே ஒரு ஜீப் டிரைவருக்கு உள்ளங்கையில் தானாக ஓட்டை விழுந்து சீழ் வைத்திருப்பதாகக் கடைவீதியில் சொன்னான். சாபிராவுக்கு அது இனித்தது, ஒரு நாள் முழுக்க இனித்தது. மறுநாள் கிளி தீனி எடுக்கவில்லை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, குச்சியைப் பிடிக்க முடியாமல், கூண்டின் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்தது.

ராக்கையா பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆத்தா, புருசன் மேல கோவம்னா புருசன அடி. இது என்ன செஞ்சுச்சு? இன்னும் நாலு நாளு விட்டா செத்துரும்."

சாபிரா துண்டை எடுத்தாள். கொக்கியை நறுக்கி, குத்தியிருந்ததை மெல்ல உருவி எடுத்து, பர்மாங்கனேட் தண்ணீரில் காலைக் கழுவி, மஞ்சள் வைத்தாள். "உனக்காகத்தான் செய்யிறேன்" என்றாள் கிளியிடம். "அவுகளுக்கில்ல." மலைமேல் ஜீப் டிரைவருக்கும் அந்த வாரமே கை ஆறியது. அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளியின் இடது பின்விரல் ஒன்று வளர்ந்திருக்கவில்லை. காய்ந்திருந்தது. அம்சத் பீவி "சாபிரா" என்று கூப்பிட்டாள். விரல் அசையவில்லை, அடுப்படியிலிருந்து சாபிராதான் "என்னக்கா?" என்றாள். நத்தர்ஷா பத்து வருஷத்துக்குப் பிறகு கிளியின் முகத்தைப் பார்த்தார். பெரியவர்கள் ஸ்கேலோடு வந்தார்கள். தீர்ப்பு ஏற்கனவே இருந்தது. நகம் நின்றால் ஆள் போயாச்சு. அதை ஒருவருக்கொரு மாதிரி மாற்ற முடியாது. சாபிரா மவுத்தாகிவிட்டாள் என்று சொல்லி துவா ஓதினார்கள். சாபிரா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் கவனித்தாள், பத்து விரலிலும் நகம் முளைத்து டம்ளரில் கீறியது.

மவுத்தானவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை. நகவெட்டியை அம்சத் பீவி கையில் கொடுத்து, "ரெண்டு அரிசிக்கா, மறந்துராதீக" என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியோடு கம்பம் பஸ் ஏறினாள்.

1981-ல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உமர் பாருக் வந்தான். தலை நரைத்திருந்தது, உள்ளங்கையில் காசளவு தழும்பு.

"அவ மவுத்தாயி மூணு வருசமாச்சு தம்பி" என்றாள் அம்சத் பீவி.

"எப்படி மதினி? நல்லாத்தான இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தா. எல்லாத்துக்கும் டீ போட்டுக் கொடுத்தா. அப்பறம் பஸ் ஏறிப் போயிட்டா."

கபுர் எங்கன என்று கேட்டான். மாதுளைச் செடியடியைக் காட்டினார்கள். தழும்புக் கையை ஏந்தி அங்கே வெகுநேரம் நின்று அழுதான். பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் போய் "சாபிரா" என்று கூப்பிட்டுப் பார்த்தான், இரண்டு தடவை.

அந்நேரம் கம்பத்தில் சாபிரா வாசற்படியில் உட்கார்ந்து, இடது கையை வெயிலுக்கு நேரே பிடித்து, சிவப்புக்கு இரண்டு அரிசி முன்னால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். விரல் எதுவும் அசையவில்லை. பத்தையும் வெட்டி, துணுக்குகளைக் கூட்டி அள்ளி, கொல்லையில் புதைத்துவிட்டு, உலை கொதித்திருக்குமென்று உள்ளே போனாள்.