உக்கிய நடுத்துண்டு

வீரகத்தியின் வீட்டு வளவில் விழுந்து கிடந்த மாமரத்தில்தான் லக்சிகாவின் வண்டுகள் இருந்தன. அவள் வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய ஆய்வு அந்த வண்டுகளைப் பற்றியது.

மரத்தின் நடுப்பகுதி உக்கி மக்கி, தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. வண்டு அதை மட்டும்தான் தின்னும். நெல்மணி அளவு. கறுப்பு முதுகில் இரண்டு செம்மஞ்சள் பட்டை. முட்டையும் காளானில்தான். புழு அதைக் குடைந்து தின்று கொழுக்கும். பிறகு கீழே விழுந்து மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். இந்தக் கிழமை விழவேண்டும். மரத்தை இழுத்தால் எல்லாம் போய்விடும்.

ஞாயிறு காலை வீரகத்தி, மகளின் கலியாணச் சமையலுக்கு விறகு வெட்ட, மரம் அரியும் மெசினோடு நின்றார்.

“சித்தப்பா, வெட்டப்போறியளோ?”

“பின்ன? வெள்ளிக்கிழமை பிரஷாந்தினிக்குக் கலியாணம். ஊருக்கே சோறு. உன்ர வண்டு வந்து சமைச்சுத் தருமே?”

“ரெண்டு கிழமை பொறுங்கோ.”

“மாப்பிளையிட்டயும் அதைச் சொல்லவோ?”

குசினிக்குள் அடுப்படியில் அவர் மனைவி விமலேஸ்வரி சிரிப்பது கேட்டது.

“எங்கட வீட்டு விறகு முழுக்கத் தாறன்,” என்றாள் லக்சிகா. அம்மாவிடம் அவள் கேட்டிருக்கவில்லை.

“முழுக்கவோ?”

“ஓம்.”

“சரி,” என்று சொல்லிவிட்டு அவர் மெசினை இழுத்து முடுக்கினார்.

நுனிப்பக்கம் துண்டு துண்டாக விழுந்தது. பிறகு அடிப்பக்கம். காளானுக்கு ஒரு முழம் தள்ளி மெசின் நின்றது. வீரகத்தி இரண்டு கல்லை எடுத்து, நடுத்துண்டு உருளாமல் அண்டை கொடுத்தார்.

“இதை வெட்டேல்லையோ?”

“உக்கல். அடுப்பில வைச்சா கண்ணெல்லாம் புகை. இதை ஆர் எடுக்கிறது?”

“அப்ப ஏன் என்னட்டை விறகு கேட்டனீங்கள்?”

“நான் எங்க கேட்டனான்? தாறன் எண்டது நீயெல்லோ.”

“விடுங்கோப்பா பிள்ளையை,” என்றார் விமலேஸ்வரி உள்ளேயிருந்து.

லக்சிகா மண்ணில் குப்புறப் படுத்துக் காளானின் அடியைப் பார்த்தாள். ஒரு துளையிலிருந்து வெள்ளைப் புழு ஒன்று பாதி வெளியே வந்து தொங்கியது. விழுந்தது. சருகைத் தள்ளி மண்ணுக்குள் தலையை விட்டது.

வீரகத்தியும் குந்தியிருந்து பார்த்தார்.

“கடிக்குமே?”

“காளானைத்தான்.”

“நல்ல சீவியம்,” என்றார். அவரும் எழும்பவில்லை.