கண்கிலேடி அசையவில்லை

தங்கை எடுத்த புகைப்படத்தைத் தலைகீழாகப் பலகையில் குத்திவைத்து, அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. பறவைகளை வரைய உட்கார்ந்தால் அவள் வழக்கம் அதுதான். நேராக வைத்தால் மனம் அவசரப்படும். இது அலகு, இது கால் என்று தனக்குத் தெரிந்ததையே வரைந்து தள்ளிவிடும். தலைகீழாக வைத்தால் பறவை காணாமல் போய், நிறமும் நிழலும் மட்டும் மிஞ்சும். கை பொய் சொல்ல வழியிருக்காது.

கண்கிலேடி தானாகவே காணாமல் போகிற பறவை. சரளைக்கல்லும் காய்ந்த புல்லும் கலந்த நிறம். பகலில் யாராவது கிட்டே வந்தால், கழுத்தைத் தரையோடு நீட்டி அப்படியே படுத்துவிடும். மிதிக்கப் போகிறவர் காலுக்கு அடியில்கூடக் கல்லாகவே கிடக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பெரிய மஞ்சள் கண் ஒன்றுதான்.

முட்டைமேல் படுத்திருந்த கண்கிலேடியின் அந்தப் படம், பறவைகளைப் பற்றி வரப்போகிற ஒரு புத்தகத்தின் அட்டைக்குத் தேர்வாகியிருந்தது. அதே பறவையை உள்பக்கத்துக்கு அக்கா வரைந்து தரவேண்டும். "குடும்பமாச் சேர்ந்து என் புத்தகத்தையே குத்தகைக்கு எடுத்துட்டீங்க," என்று போனில் சிரித்தாள் பதிப்பாசிரியை.

அக்காவுக்குச் சந்தோஷம் புத்தகத்தைப் பற்றி மட்டும் இல்லை. புருஷன் விட்டுப்போன பிறகு தங்கை இந்த வீட்டின் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள். சாப்பாட்டுத் தட்டு வாசலிலிருந்து உள்ளே போகும், பாதி காலியாகி வெளியே வரும். இந்தப் படத்துக்குப் பிறகுதான் அவள் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறாள், கேலி செய்கிறாள், உப்பு போதவில்லை என்கிறாள். வந்தவர் போனவர் எல்லாரிடமும் ஒரே கதை: "மூணு நாள் ராத்திரி பகலாப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். ஓடவே இல்லை. என்னை நம்புச்சு."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகம் சின்ன வயதுக்குப் போய்விடும்.

கட்டம் கட்டமாக நிரப்பி வந்த அக்கா, கண் இருந்த கட்டத்துக்கு வந்ததும் தூரிகையை நிறுத்தினாள். கற்களின் நிழல் எல்லாம் வலப்பக்கம் விழுந்திருந்தது. அப்படியென்றால் வெயில் இடப்பக்கம். ஆனால் கண்ணில் இருந்த வெள்ளை ஒளிப்பொட்டு வலப்பக்கத்தில் மின்னியது. அதுபோகட்டும் என்றால், அத்தனை வெயிலில் கடுகுபோலச் சுருங்கியிருக்க வேண்டிய கண்பாப்பா, மஞ்சளைத் தின்றுவிட்டு ஒரு கிணறுபோலத் திறந்து கிடந்தது.

தலைகீழாக இருந்த அந்தக் கிணறு அவளையே பார்த்தது.

அடுப்படியில் தங்கை டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆந்தை, அந்தக் கண்ணுல பொட்டு நீ வச்சதா?"

சின்ன வயதில் இமைக்காமல் முறைத்துப் பார்க்கும் போட்டியில் யாரும் ஜெயிக்க முடியாதவள் என்பதால் தங்கைக்கு வந்த பட்டப்பெயர்.

"எல்லாரும் செய்யறதுதான் அக்கா. கண்ணு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல வச்சு உயிர் கொடுத்தேன்."

"தொடாத படமெல்லாம் இருக்கா?"

"இருக்கு. ஏன், நீ வரையறவளா, பரீட்சைப் பேப்பர் திருத்தறவளா?"

சிரித்துக்கொண்டேதான் டீயோடு கூடத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் காட்டினாள். ஒவ்வொரு படமாகத் தள்ளத் தள்ள, கற்களின் நிழல்கள் நீண்டு, குறுகி, பக்கம் மாறி, மறுபடியும் நீண்டன. அவற்றின் நடுவில் பறவை வைத்தது வைத்தபடி இருந்தது. கழுத்தின் வளைவுகூட மாறவில்லை. முதல்நாள் படங்களில் கண் மின்னியது, பாப்பா கடுகளவு. மறுநாள் பாப்பா விரிந்து கிடந்தது. அதற்கும் பிறகு கண்மேல் பால்போல ஏதோ படர்ந்திருந்தது. ஒரு படத்தில் எறும்பு ஒன்று இமையோரத்தில் நின்றது. அடுத்த படத்தில் எறும்பு கண்ணின் நடுவில் நின்றது.

"லென்ஸ்ல தூசி," என்றாள் தங்கை, அக்கா கேட்காமலேயே.

அக்கா பின்னணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில், இரண்டு பாறைகளுக்கு இடையில், ஒல்லியாக ஒன்று நின்றது. அடுத்தடுத்த படங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே இருந்தது. அது நடப்பதை எந்தப் படமும் பிடிக்கவில்லை. வந்து நின்றிருப்பதை மட்டுமே பிடித்திருந்தது. எல்லாவற்றிலும் அதற்கு ஒரு மஞ்சள் கண்.

"இது என்ன?"

"கல்லு அக்கா."

"கல்லு நடக்குமாடி?"

தங்கை டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அக்கா மேசைக்குத் திரும்பினாள். பேசாமல் இருந்துவிடலாம். பாப்பாவைச் சின்னதாக்கி, பொட்டை இடப்பக்கம் வைத்தால் போதும், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டும் பார்த்தாள். பறவை சட்டென்று உயிரோடு நிமிர்ந்து பார்த்தது. நன்றாக வந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. செத்த ஒன்றை நிமிர்த்தி உட்காரவைக்க அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. தங்கையை மறுபடி அந்தப் பின்னறைக்குள் அனுப்பிவிடுவேனோ என்கிற பயம் ஒரு பக்கம். வெளியே வந்து சிரிக்கிறவள் தங்கைதானா, அவளும் யாரோ பொட்டு வைத்த கண்ணா என்கிற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அவளை எழுப்பிவிட்டது.

"அது செத்துப்போச்சுடி," என்றாள், அடுப்படி வாசலில் நின்று. "நீ எடுத்துட்டு இருக்கும்போதே."

தங்கை அழவில்லை, கத்தவில்லை. கையைத் துடைத்தாள். "வா, போய்ப் பார்ப்போம். அங்கேதான் இருக்கும்," என்றாள். யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புகிற குரல்.

ஊரின் கடைசிக் கிடங்கைத் தாண்டி, வற்றிய ஆற்றோரத்துச் சரளை வெளியில் காரை நிறுத்தினார்கள். வெயில் இன்னும் சாயவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடம். ஆனாலும் அக்காவுக்கு, நிறைய பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அறைக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

தங்கை ஒளிந்திருந்து படமெடுத்த மண்நிறத் துணிக்கூடாரம் அப்படியே நின்றது.

"இதைப் பிரிக்கலையா?"

"அதுக்குப் பழகிடுச்சு. பிரிச்சாப் பயந்துடும்னு விட்டுட்டேன்."

"முட்டை எங்கே?"

தங்கை விரலை நீட்டினாள். கூடாரத்திலிருந்து நாலு எட்டுகூட இருக்காது. தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்ததாக அல்லவா அக்கா நினைத்திருந்தாள்!

"இவ்வளவு கிட்டயா போட்டே?"

"கிட்டே போகப் போக அது அசையாம இருந்துச்சு. அதனால இன்னும் கொஞ்சம்..." தங்கை நிறுத்திக்கொண்டாள். பிறகு மூச்சை இழுத்தாள். "பாரு! இருக்கு! உயிரோடதான் இருக்கு!"

அக்காவுக்குக் கற்கள்தான் தெரிந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முதலில் தெரிந்தது ஒரு காய்ந்த இறக்கை, எறும்புச் சாரியோடு. அதை ஒட்டி, முட்டைகளின்மேல், கழுத்தைத் தரையில் நீட்டி இன்னொன்று. மஞ்சள் கண். நடுவில் கடுகளவு கறுப்பு. வெயிலில் அதன் தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த வெளியில் அசைந்தது அது ஒன்றுதான்.

"அசையவே இல்லை பாத்தியா," என்று தங்கை காமிராவைத் தூக்கினாள்.

அக்கா லென்ஸின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "இது உன்னோடது இல்லடி. படத்துல தள்ளி நின்னுச்சே, அந்த ஜோடிப் பறவை. நீ உட்கார்ந்திருந்தவரைக்கும் அதால அடைகாக்க மாத்திவிட வர முடியலை. செத்துப்போன இவளாலயும் முட்டையை விட்டு எழுந்துபோக முடியலை. தண்ணி இல்லாம, வெயில்ல... இது நம்பிக்கை இல்லடி. பயம்."

தங்கை காமிராவை இறக்கவில்லை. அக்காவின் கை மறைத்த லென்ஸுக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்போ?"

"எறும்பு வந்தப்போ."

"அப்புறமும் ஏன் உட்கார்ந்திருந்தே?"

"எழுந்தா நிஜமாயிடும் அக்கா. உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது என்னைப் பாத்துட்டுதான் இருந்துச்சு. அந்த இன்னொண்ணும் பாத்துட்டே இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல என்னால எழுந்திருக்க முடியலை."

இப்போதும் அவள் கால்கள் நட்டுவைத்ததுபோல நின்றன. தரையில் கிடந்த கண்ணும் அவளும் ஒருவரை ஒருவர் பிடித்துவைத்திருந்தார்கள். அக்கா அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, குழந்தையை நடத்துவதுபோலப் பின்னோக்கி ஓர் அடி வைக்கச் செய்தாள். பிறகு இன்னொன்று. போகிற போக்கில் தங்கை கூடாரத்தின் முளையைப் பிடுங்கினாள். துணி சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. அவள் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

காரில் ஏறியதும் தங்கையே போனை எடுத்தாள்.

"மேடம், அந்த அட்டைப் படத்தை எடுத்துடுங்க."

"ஐயோ, ஏன்? அந்தக் கண்ணுக்காகத்தானே தேர்ந்தெடுத்ததே!"

"அந்தக் கண்ணு அதோடது இல்லை மேடம். என்னோடது."

எதிர்முனையில் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தங்கை போனை மடியில் கவிழ்த்துவைத்து, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். புருஷன் போனபோது அவள் அழவில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டியைத் திருப்பினாள். பின்பக்கக் கண்ணாடியில் சரளை வெளி முழுவதும் கற்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று கொஞ்சம் உயர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பியதுபோல இருந்தது. அக்கா உடனே பார்வையை அங்கிருந்து எடுத்துவிட்டாள்.