தர்மிகா சொன்ன முடிவு

வருடத்துக்கு ஒருமுறை மாவிலங்கைக் கல்லூரியின் பழைய மாணவர்களும் மத்தியாஸ் கல்லூரியின் பழைய மாணவர்களும் சுவிசின் பீல் நகரில் கால்பந்து ஆடுவார்கள். இலங்கையில், ஊரில் அடுத்தடுத்து இருந்த பள்ளிகள். சுவிசுக்கு வந்த பிறகும் அந்தப் போட்டி தணியவில்லை. ஆட்டம் நெருங்கினால் ஒரே கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள்கூட ஒருவரோடொருவர் முகங்கொடுத்துக் கதைக்கமாட்டார்கள்.

யார் வெல்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில் அதைவிடப் பெரிய ஆரவாரம். சூரிச்சில் இணைய வானொலி நடத்தும் றெக்சன் அதற்கென்றே ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலையில் சிலரை நேரலையில் கூப்பிடுவான். பீலில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் தர்மிகா சொன்னது போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அப்படியே பலித்திருந்தது. அவளுடைய கணவன் திலக்சன் மாவிலங்கையின் முன்கள வீரன் என்பதால் அவள் என்ன சொல்வாள் என்று கேட்க எல்லோருக்கும் ஆவல்.

இந்த முறை ஆட்டம் நடக்கிற வாரத்தில் மத்தியாசின் கோல் காப்பாளன் ஜஸ்ரின் இடது முழங்கால் வீங்கி அவளிடம் வந்திருந்தான். தொட்டுப் பார்த்ததுமே மூட்டைப் பிடித்திருக்கும் நாரில் கிழிவு இருக்கிறது என்று தெரிந்தது. ஸ்கான் எடுக்கும்வரை பந்துப் பக்கமே போகக்கூடாது என்றாள். அவன் கேட்கிறவனாக இல்லை. கோலில் நிற்க வேறு ஆளில்லை என்றான்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதைங்கோ. திலக்சன் அண்ணைக்கும்தான்."

சொல்லமாட்டேன் என்றாள். அது தொழிலின் சட்டமும்கூட. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் திலக்சன் வாயைத் திறந்தாலே அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். அவன் ஆட்டத்தைப் பற்றித்தானே கதைத்தான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை றெக்சன் நேரலையில் கூப்பிட்டு, யார் வெல்வார்கள் என்று கேட்டான். மாவிலங்கை என்று சொன்னால், ஜஸ்ரின் தன் காலைப் பற்றி அவள் வீட்டில் சொல்லிவிட்டாள் என்று நினைப்பான். சொல்லவே மாட்டேன் என்றால் எல்லோரும் காரணம் தேடுவார்கள். திலக்சன் எதிரே சோபாவில் இருந்து சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்தியாஸ்," என்றாள். "ஒண்டுக்குப் பூச்சியம்."

திலக்சனின் சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் காலணியைத் துடைக்கத் தொடங்கினான்.

மறுநாள் ஜஸ்ரின் முழங்காலுக்குப் பட்டி கட்டி, அதன்மேல் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். தர்மிகா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். தன் கணவன் கோல் அடிக்க வேண்டுமா வேண்டாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பாதியில் மாவிலங்கைக்குத் தண்ட உதை கிடைத்தது. திலக்சன் பந்தை வைத்தான். காப்பாளனின் வலப்பக்கமாக ஓங்கி அடித்தான். ஜஸ்ரின் இடது காலை ஊன்றிப் பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான். மத்தியாஸ்காரர் துள்ளிக் குதித்தார்கள். அவன் மட்டும் எழும்பவில்லை.

யாரும் கூப்பிடுமுன் தர்மிகா ஓடினாள். எங்கே நோகிறது என்று கேட்காமலே இடது முழங்காலைப் பிடித்தாள். தலை நிமிர்ந்தபோது திலக்சன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பழக்கமில்லாத ஒருவனைக் கோலில் நிறுத்தி விளையாடிய மத்தியாசுக்கு அதன்பின் மூன்று கோல் விழுந்தது. அதைப் பார்க்கத் தர்மிகாவும் திலக்சனும் அங்கே இல்லை. திலக்சன் விளையாட்டை விட்டுவிட்டு, ஜஸ்ரினைக் காரின் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தான். சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், ஆனால் கால் பழையபடி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு திலக்சன் அவள் பக்கம் திரும்பினான்.

"உமக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம்."

"எனக்குச் சொல்லியிருந்தா அந்தக் காலைப் பாத்துத்தான் அடிச்சிருப்பன்."

"தெரியும்," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவன் சேறு படிந்த காலணிகளோடு அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான். ஜஸ்ரினின் தாய்க்கு யார் சொல்வது என்று கேட்டான். அவள் பதில் சொல்லுமுன் தானே தொலைபேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனான்.