தடங்கலுக்கு வருந்தவில்லை

1

இந்தக் கதை எனக்கு வீட்டுப்பாடமாக வந்தது. பகலில் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை எனக்கு. வாரத்தில் இரண்டு மாலை எழுத்து வகுப்பு. நாட்குறிப்பிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்துக் கதையாக்கிக் கொண்டுவாருங்கள் என்றார் ஆசிரியை. மழை, பேருந்துத் தாமதம், மதியச் சாப்பாடு இவற்றைக் கழித்துப் பார்த்தால் என் நாட்குறிப்பில் சம்பவம் என்று ஒன்றுதான் தேறியது: போன மாதம் என் பெரியம்மா செய்தி வாசித்தது.

கதையை வகுப்பில் கொடுக்க வேண்டியது இன்று. பெரியம்மா மறுபடி வாசிக்கப்போவது நாளை. ஆகவே முடிவு என் கையில் இல்லை.

[இதை இங்கேயே போட்டு உடைக்கலாமா? தெரியவில்லை. உடைத்தாயிற்று.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"சிவப்பு விளக்கு எரிந்தது. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு" — அடித்துவிட்டேன். எல்லோர் கதையிலும் அறைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

"வெண்கலக் குரலுக்குச் சொந்தக்காரியான என் பெரியம்மா" — இதைப் படித்துவிட்டு அவர், "நான் என்ன பாத்திரக் கடையா?" என்றார். அடித்துவிட்டேன்.

"பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் ஓர் அறை." இது உண்மை. அழகு இல்லை, ஆனால் யாரும் மறுக்க முடியாது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் ஓர் அறை. மாதக் கடைசிச் சனிக்கிழமை அங்கே உள்ளூர் வானொலி மூத்தோர் மன்றம் கூடும். செய்தி வாசித்தவர்கள், ஆட்டங்களை வர்ணித்தவர்கள், ஒலிப்பதிவுக் கருவிகளோடு குடும்பம் நடத்தியவர்கள் என்று இருபது பேர் வரை வருவார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். வாய் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

கூட்டம் மன்றச் செய்திகளோடு தொடங்கும். யாருக்குக் கண்புரை எடுத்தார்கள், யார் வீடு மாறினார்கள், யார் காலமானார்கள் எல்லாவற்றையும், பழைய நிலையத்தில் வாசித்த அதே முறையில், மேசைமேல் சிவப்பு விளக்கு எரிய ஒருவர் வாசிப்பார். மாதத்துக்கு ஒருவர் முறை. பக்கத்தில் அதே தாளின் நகலோடு ஒரு மாற்று வாசிப்பாளர் இருப்பார். வாசிப்பவர் திணறி நின்றுவிட்டால் அவர் எடுத்துக்கொள்வார். அப்படி வாசிப்பைப் பறிகொடுத்தவர் அடுத்த மாதம் முதல் ஜன்னலோரம் நேயர் வரிசையில் உட்கார வேண்டும். நல்ல மெத்தை நாற்காலிகள். கைதட்டித்தான் அனுப்பிவைப்பார்கள். ஆனால் அங்கிருந்து மேசைக்குத் திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை.*

* மன்றத்தின் எழுதப்பட்ட விதிகளில் இது கிடையாது. தேடிப் பார்த்தேன். எழுதாத விதியைத்தான் எல்லோரும் கவனமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

3

பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் காலைச் செய்தி வாசித்தவர். போன வருடம் மூளையில் ஒரு சிறு அடைப்பு ஏற்பட்டது. கையும் காலும் தேறிவிட்டன. சொற்கள் மட்டும் தாமதமாக வருகின்றன. எழுத்து தெரிகிறது, பொருள் தெரிகிறது, ஆனால் நடுவில் ஏதாவது ஒரு சொல் வாய்க்கு வராமல் நின்றுவிடும். நாங்கள் பதறினால் அவருக்கு எரிச்சல் வரும். "வார்த்தை வாசல் வரைக்கும் வந்துடுச்சுடி. நீ குறுக்க நிக்காதே."

போன மாதம் அவருடைய முறை. மன்றச் செயலாளர் தொலைபேசியில் மென்று விழுங்கினார். "இந்த ஒரு தடவை தாண்டிப் போயிடலாமே, அம்மா."

"எதுக்குத் தாண்டணும்? நான் என்ன... பள்ளமா?"

துணைக்கு நானும் போனேன். முதல் மூன்று செய்திகள் தண்ணீர் ஓடுவதுபோலப் போயின. நான்காவதில், "மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் நமது உறுப்பினர்" என்ற இடத்தில் நின்றார். அடுத்த சொல் "குணமடைந்து". கீழே பல் துளைக்கும் கருவி ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. அதன் பிறகு அறையில் ஒன்றுமே கேட்கவில்லை.

அப்போது ஒரு குரல் தொடங்க, இருபது பேரும் ஒரே தாளத்தில், நிதானமாக, மரியாதையாகச் சொன்னார்கள்: "தடங்கலுக்கு வருந்துகிறோம்."

செயலாளரின் கை தானாகப் போய் விளக்கை அணைத்தது. இன்னொரு கை இசையைப் போட்டது. புல்லாங்குழல்.

இது கேலி இல்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரியம்மாவைவிட அவர்கள்தான் அதிகம் அதிர்ந்துபோயிருந்தார்கள். வானொலியில் சத்தம் நின்றால் ஏதோ பழுது என்று அர்த்தம். வாழ்க்கை முழுக்க அந்தப் பழுதை மூடியே பழகிய வாய்கள் அவை. முழங்காலில் தட்டினால் கால் எகிறுவதில்லையா, அப்படி.

பிறகு யாரோ அன்போடு கைதட்டத் தொடங்கினார்கள். நேயர் வரிசைக்கு அனுப்பும் கைதட்டல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியம்மா எழுந்திருக்கவில்லை. "நான் இன்னும்" என்றார்.

காத்திருந்தோம்.

"முடிக்கல."

செயலாளர் தயங்கினார். "அம்மா, வழக்கம்னு ஒண்ணு இருக்கே..."

"மாற்று வாசிப்பாளர்... எடுத்துக்கிட்டாரா?"

"இல்ல."

"அப்ப நான் எங்க... தோத்தேன்?"

கடைசியில் பெரியம்மாவே ஒரு முடிவு சொன்னார். அடுத்த மாதமும் அவரே வாசிப்பார், முதல் செய்தியிலிருந்து கடைசிச் செய்தி வரை. நடுவில் யாராவது எடுத்துக்கொண்டாலோ, ஒரே ஒரு வாய் அந்த மௌனத்தை நிரப்பினாலோ, மறுபேச்சு இல்லாமல் ஜன்னலோரம் போய்விடுவார்.

4

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. அன்றைக்கு மாற்று வாசிப்பாளராக இருந்தவர் வசதியாகக் கிடைத்தார். பந்தாட்ட வர்ணனையாளர். ஒரு கோல் விழுந்தால் நடு மைதானத்தில் தொடங்கி வலை அதிரும் வரை மூச்சு விடாமல் பேசுவாராம். அதனால் பட்டப்பெயரே 'மூச்சு'. "அவர் உதட்டோரம் ஒரு இளிப்பு நெளிந்தது" என்று எழுதிக்கொண்டு போனேன். வரைவைப் பார்த்த ஆசிரியை ஓரத்தில் குறித்திருந்தார்: 'இளித்தாரா, இளிக்க வைத்தீர்களா?'

நான்தான் இளிக்க வைத்தேன். உண்மையில் மறுநாள் காலையிலேயே அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"செய்தியம்மா, நான் சொல்லல. வாய்தான் சொல்லிடுச்சு."

"வாய் யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா நிலையத்துக்கே எழுதிக் குடுத்த வாய் அது. என் பேச்சைக் கேக்காது."

"முதல்ல... ஆரம்பிச்சது?"

"நான்தான்." தலையைச் சொறிந்தார். "தாளை எடுத்து நான் வாசிச்சிருந்தா நீங்க ஜன்னலுக்குப் போயிருப்பீங்க. அதனால கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். கையைப் பார்த்ததுல வாயைக் கோட்டை விட்டுட்டேன்."

பெரியம்மா சிரித்துவிட்டார். சிரிப்புக்கு மட்டும் தாமதமே இல்லை. பிறகு சொன்னார்: "எனக்குப் பயிற்சி போதும், மூச்சு. பயிற்சி வேண்டியது... உங்களுக்குத்தான்."

[ஆக, கதையில் வில்லன் இல்லை. இது ஒரு குறையாகக் கருதப்பட்டால், மதிப்பெண்ணில் கழித்துக்கொள்ளலாம்.]

5

ஒரு தொழில் சிக்கல். பேச்சு நிற்கும் இடத்தை எப்படி எழுதுவது?

மேலே புள்ளிகள் வைத்திருக்கிறேன். புள்ளியைக் கண் தாண்டிவிடும். பெரியம்மா நிற்கும் இடத்தை அப்படித் தாண்ட முடியாது. "சில நொடிகள் கழித்து" என்று எழுதினால், அந்த மூன்று சொற்களே மௌனத்தை நிரப்பிவிடுகின்றன. நான் வெறும் புல்லாங்குழல் ஆகிவிடுகிறேன்.

முதல் வரைவில் அவர் பேச்சையெல்லாம் கோத்து, வழவழவென்று எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "நல்லா இருக்கு. யாரு... இந்தம்மா?"

கடையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: பலகையில் எழுத்தைப் படிக்க ஒருவர் தடுமாறினால் நாம் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போவார். பகல் முழுக்க இதைச் செய்கிறேன். மாலையில் பேனாவை எடுத்ததும் மறந்துவிடுகிறேன்.

6

பயிற்சி எங்கள் கூடத்தில் நடந்தது. மாலை வகுப்பு இல்லாத நாட்களில் நானும் இருந்தேன். ஏழெட்டுப் பேர் வருவார்கள். பெரியம்மா பழைய செய்தித்தாளை வாசிப்பார், நடுவில் நிற்பார். சில நேரம் உண்மையாகவே சொல் வராமல், சில நேரம் வேண்டுமென்றே. எது எது என்று எங்களுக்குத் தெரியாது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். முதல் நாள் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் "நேரம் இப்போது" என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். செயலாளர் இரண்டு கைகளின்மேலும் உட்கார்ந்துகொண்டார். "உள்ளுக்குள்ள மணி அடிக்குதும்மா," என்றார்.

"அடிக்கட்டும். நீங்க... எடுக்காதீங்க."

மூச்சு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டார். அன்று அவர் சட்டையும் எங்கள் தரைவிரிப்பும் நனைந்தன. "நாலு சுவருக்குள்ள ஒரு குளம்," என்றார் பெரியம்மா, ஒரு திணறலும் இல்லாமல்.

ஒரு மாலை உண்மையாகவே ஒரு சொல் வரவில்லை. நீண்ட நேரம் வரவில்லை. மூச்சின் கழுத்து நரம்பு புடைத்தது. 'மடக்' என்று தண்ணீரை விழுங்கிவிட்டார். இப்போது அவர் வாயில் ஒன்றுமில்லை. தடுக்க எதுவும் இல்லை. அவர் திறக்கவில்லை. பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல் வந்தது. "அணைக்கட்டு." ரொம்பச் சாதாரணமான சொல். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் பெரியம்மா ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்து முடிக்கிறார். அதைப் படித்துவிட்டு, "அப்ப எனக்கு வந்தது என்ன, ஜலதோஷமா?" என்றார்.

இரண்டாவதில் மூச்சு வாய் தவறிவிடுகிறார், பெரியம்மா ஜன்னலோரம் போகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது. பெரியம்மா தாளை மடித்து என் பையில் செருகினார். "நடந்தா நடக்கட்டும். நீ முந்திக்காதே."

மூன்றாவதில் இருபது பேரும் காத்திருக்கிறார்கள், சொல் வருகிறது, எல்லோரும் எழுந்து — பாதியில் விட்டுவிட்டேன். அது என் ஆசை. ஆசையும் ஒரு மாற்று வாசிப்பாளர்தான், அடுத்தவர் தாளை எப்போது பிடுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

8

நாளைய செய்தி அறிக்கை என் முன்னால் இருக்கிறது. கடைசிச் செய்தியை மட்டும் பெரியம்மா தானே எழுதிச் சேர்த்திருக்கிறார். தவறாக ஒன்று ஒலிபரப்பானால் அடுத்த அறிக்கையில் திருத்தம் வாசிப்பது வானொலி வழக்கம். அந்த வழக்கப்படி ஒரு திருத்தம்.

அதன் கடைசி வரியில் ஒரு சொல் இருக்கிறது. வீட்டில் வாசித்துப் பார்த்தபோதெல்லாம் அந்த இடத்தில்தான் அவர் நின்றார். சில தடவை சொல் வந்தது, சில தடவை வரவில்லை. சுலபமான சொல்லாக மாற்றிவிடலாமே என்றேன்.

"அந்த இடத்துக்கு அதுதான்... வரணும். வரும்."

எனக்கு அந்தச் சொல் தெரியும். இங்கே எழுதமாட்டேன். உங்களுக்கும் அந்த இடத்தில் நாலைந்து சொற்கள் தோன்றும், நல்ல சொற்களாகவே இருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். கைகளின்மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டாலும் சரி. அவர் வாசிப்பார். விளக்கு எரிகிறது.

"ஒரு திருத்தம். சென்ற மாத அறிக்கையின் நடுவே, தடங்கலுக்கு வருந்துவதாக நமது மன்றம் அறிவித்தது. அது தடங்கல் அல்ல. அது