மடக்கிப் பார்க்காத பூட்ஸ்

நார்வேயின் த்ரோன்ஹெய்ம் நகர நடுவில் இருக்கும் வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் குன்வோர் வேலை பார்த்த தள்ளுபடிக் கடை இருந்தது. மற்ற கடைகளில் விற்காமல் நின்ற விளையாட்டுச் சாமான்களெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். சில பெட்டிகள் மூன்று கிடங்குகள் பார்த்திருக்கும்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பனிச்சறுக்குப் பூட்ஸ் தேடிக்கொண்டு பழைய தோழி சுன்னிவா கடைக்குள் வந்தாள். இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. பனிச்சறுக்கு கிளப்பில் எல்லாரும் கூடி வேலை செய்த ஒரு நாளில், விறகை எப்படி அடுக்குவது என்று தொடங்கிய சண்டை அது.

"என்னடி, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்றாள் சுன்னிவா.

"உனக்குப் பூட்ஸ் விக்காம எப்படிச் சாவேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். குன்வோர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சிவப்புப் பூட்ஸை எடுத்தாள். அந்தக் காலத்தில் விலை உச்சத்தில் இருந்த ரகம். சுன்னிவாவின் காலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கழற்றிக் கொடுத்தாள்.

பூட்ஸின் நாக்குப் பட்டைக்கு உட்புறம் தயாரித்த தேதி இருக்கும். குன்வோர் பார்த்தாள். பதினோரு வருஷம்.

இந்தப் பூட்ஸின் அடிப்பகுதி நுரைபோன்ற பிளாஸ்டிக். காற்றிலிருக்கும் ஈரம் அதற்குள் மெல்ல இறங்கி, பிடிப்பை உள்ளிருந்தே அவிழ்த்துவிடும். ஒருமுறைகூடப் போடாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் தப்பாது. வெளியே பளபளப்பு குறையாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அடிப்பகுதியை இரு கையாலும் அழுத்தி மடக்கி, வளைவில் நகத்தை ஊன்ற வேண்டும். மாவாக உதிர்ந்தால் ஆயுள் முடிந்தது. பழைய பூட்ஸ் ஒவ்வொன்றையும் அப்படிச் சோதித்துத்தான் அவள் விற்பாள்.

அவள் கை பூட்ஸுக்குப் போனது. அப்போதுதான் சுன்னிவா சொன்னாள்: "ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்குப் போறேன். நீயும் வாயேன். தனியாப் போனா பேச ஆளில்ல."

மடக்கி உதிர்ந்தால் இந்த முகம் சுருங்கும், வேறு கடைக்குப் போவாள், அழைப்பும் அதோடு போய்விடும் என்று தோன்றியது. குன்வோர் பூட்ஸை அப்படியே பெட்டியில் வைத்து மூடினாள்.

புனித வெள்ளியன்று பனியில் சறுக்கிப் போகும் வழியில், குடிலுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கையில், வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். மூன்று வருஷக் கதையைப் பேசித் தீர்த்தார்கள். எழுந்து நான்கு தள்ளு தள்ளியதும் சுன்னிவாவின் வலது பூட்ஸின் அடிப்பாகம் சறுக்குப் பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மேல்பாகம் மட்டும் காலோடு வந்தது. பனியில் சிவப்புத் துகள்கள்.

"அடிப் பாவி, ரொட்டி மாதிரி உதிருதே!" என்று சிரித்தாள் சுன்னிவா. குன்வோர் பையிலிருந்து பசைநாடாவை எடுத்துக் குனிந்து சுற்றினாள். ஈரத்தில் அது பிடிக்கவில்லை. இடது பூட்ஸும் விரிசல் விட்டது.

"இது எப்ப செஞ்சதாம்?"

குன்வோருக்குப் பொய் வாய் வரை வந்தது. "பதினோரு வருஷம். கடையிலயே பார்த்தேன். மடக்கிப் பார்த்திருக்கணும். பார்க்கல."

"ஏன்?"

"நீ கூப்பிட்டியே."

சுன்னிவா குனிந்து பலகைகளைக் கழற்றினாள். "சொல்லியிருந்தா இன்னொரு ஜோடி வாங்கிட்டு வந்திருப்பேன். உன்னையும் கூட்டிட்டுத்தான் வந்திருப்பேன்." அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே சாலை இருந்த பக்கம் திரும்பினாள். ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்வரை புதைந்தாள்.

குன்வோர் தன் பலகைகளையும் கழற்றிவிட்டு அவள் பின்னால் நடந்தாள். சுன்னிவா நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.